அப்பளம் நொறுங்கும் வரை

நான் ஜூனியராகச் சேர்ந்த தென்காசி வக்கீல் நிலத் தகராறைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. வாய்க்கால், வரப்பு, வண்டிப்பாதை, பொதுச்சுவர் ஆகிய நான்குக்குள் அவருடைய தொழில் அடங்கிவிடும். எந்த எழுத்தானாலும் அதில் செக்குபந்தி இருக்கவேண்டும் என்பார். செக்குபந்தி என்றால் நான்கு எல்லை. இன்னார் வயலுக்குக் கிழக்கு, இன்ன ஓடைக்கு மேற்கு என்று பத்திரங்களில் வருமே, அது. ஒருமுறை எருமை விற்ற சீட்டு ஒன்றை எழுதி நீட்டினேன். "எல்லை எங்க?" என்றார். எருமை ஓரிடத்தில் நிற்காதே என்றேன். "அப்ப கட்டிப்போட்டுட்டு எழுதும்வே" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர் சிரித்து நான் கண்டது மொத்தமே இரண்டு முறைதான். இரண்டும் இந்த வழக்கில்.

அறுபதுகளின் நடுவில், ஒரு சாரல் நாளில், ரேடியோ மெக்கானிக் ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு டெஸ்டர், ஒரு சீப்பு. ரத வீதியில் கடை வைத்திருந்தார். சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு அங்கேயே இருப்பார். டிரான்சிஸ்டர் புதிதாக வந்திருந்த காலம் அது. சீசனுக்கு வருகிறவர்கள் துண்டோடும் எண்ணெயோடும் டிரான்சிஸ்டரையும் தோளில் மாட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் அருவிக்குள் நிற்க, பெட்டி வெளியே பாறைமேல் பாடிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் பாட்டு ஓய்ந்து, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் ஒரு சத்தம் மட்டும் வரும். அப்புறம் அதுவும் வராது. ஒரு தடவை அவருடைய கொட்டகையில் நான் எண்ணினேன்: வாயடைத்துப்போன பெட்டிகள் முப்பத்தேழு, எல்லாம் ஈரத்தால் போனவை.

"உள்ள ஜெர்மானியம்னு ஒரு பொட்டு இருக்கு ஐயா. மிளகுல பாதி. பாடுதது, பேசுதது எல்லாம் அதுதான். கண்ணாடிக் குப்பிக்குள்ள வச்சு, கறுப்பு மை பூசி அனுப்புதான். கம்பி நுழையுத இடத்துல மயிரிழை இடைவெளி இருக்கும். சாரல் அது வழியா உள்ள போயிரும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்? வரப்புத் தகராறா?" என்றார் வக்கீல்.

"பேட்டண்டு வேணும் ஐயா."

அந்தச் சொல் எங்கள் ஆபீசில் அதற்குமுன் உச்சரிக்கப்பட்டதில்லை. இண்டர்மீடியட்டில் பௌதிகம் படித்தவன் என்பதால் வக்கீல் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓர் ஒழுக்கு வாய்தாக் கட்டுகளுக்கு நேர் மேலே.

மெக்கானிக்கின் முறையைச் சொல்லிவிடுகிறேன். குப்பியின் மேல் மெழுகோ அரக்கோ பூசுவது எல்லாரும் செய்வதுதான். பூசிய பிறகும் பெட்டி செத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏற்கெனவே புகுந்த ஈரத்தை வைத்து மூடிவிடுவதால்தான் அப்படி என்று இவர் கண்டார். திருடனை வீட்டுக்குள் விட்டுப் பூட்டுகிற மாதிரி. ஆகவே ஒரு பிஸ்கட் டின்னில் தண்ணீர் விட்டு நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பரப்பி, நடுவே ஒரு கிண்ணத்தில் குங்கிலியமும் தேன்மெழுகும் வைத்து, மூடியில் துளையிட்டு, குப்பியை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டார். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி முடித்ததும் டின்னை வெந்நீரில் வைப்பார், மெழுகு உருகும். மூடியைத் திறக்காமலே நூலை இறக்கிக் குப்பியை முக்கி எடுத்துவிடுவார். வெளிக்காற்று இடையில் எட்டிக்கூடப் பார்க்காது.

"ஈரம் முழுக்கப் போயிட்டுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பொரிக்காத அப்பளம் ஒரு துண்டும் சேர்த்துத் தொங்கவிடுவேன் சார். சாரல்ல அப்பளம் துணி மாதிரித் துவண்டு கிடக்கும்லா? டின்னை ஆட்டிப் பார்ப்பேன். அப்பளம் டின்னுல பட்டு நொறுங்குத சத்தம் கேட்டா, ஈரம் காலி."

இதற்குக் காப்புரிமை எதற்கு, கடையை நடத்தினால் போதாதா என்று வக்கீல் கேட்டார். மெக்கானிக் வேட்டி நுனியைத் திருகினார். விஷயம் ஜெர்மானியம் அல்ல.

இலத்தூரில் ஒரு சுபேதார் இருந்தார். பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில், அதாவது ரேடியோவும் தந்தியும் பார்க்கிற பிரிவில், இருபத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் தென்காசியில் பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். பள்ளி ரேடியோவைப் பழுது பார்க்கப் போனபோது மெக்கானிக்குக்கும் அவளுக்கும் பேச்சு ஏற்பட்டு, அந்த ரேடியோ ஆறு தடவை பழுதாகியிருந்தது. அவள் மூன்று வரன்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். இவர் குடும்பமும் அவள் குடும்பமும் முறைப்படி பெண் கொடுத்து எடுக்கக்கூடியவைதான். சுபேதார்தான் தடை.

"'ஊரான் செய்ததை ஒட்டவைக்குதவனுக்குப் பொண்ணு கிடையாது. ஒன் மூளையில இருந்து ஒண்ணு வந்துதுன்னு சர்க்கார் முத்திரை போட்டுத் தரட்டும், தாரேன்'னார் ஐயா. சரி மாமான்னேன். 'முத்திரை வாரதுக்கு முந்தி யாருக்குலே மாமா'ன்னுட்டார். போலீஸ்ல ஒரு சப் இன்ஸ்பெக்டர் வரன் வேற காத்துக்கிட்டு இருக்கு. அவ நிப்பா. அவர் எவ்வளவு நாள் நிப்பார்னுதான் தெரியலை."

வக்கீல் பேனா மூடியைக் கழற்றினார். "சர்க்கார் இவருக்கு ஒண்ணைப் பாத்தியம்னு எழுதிக் குடுக்கணும். மத்தவன் உள்ள வரப்படாது. அப்படித்தானேவே? அப்ப இது நிலம்தான்" என்றார். அதோடு வழக்கை எடுத்துக்கொண்டார்.

விண்ணப்பத்தில், என்னுடைய உரிமை இது என்று கோருகிற ஒரு பகுதி உண்டு. கண்டுபிடிப்பின் எல்லை அதில்தான் சொல்லப்படவேண்டும். எல்லை என்று கேள்விப்பட்டதும் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தாமல் சொல்லத் தொடங்கினார். நான் அதை ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் அதன் சாரம் இது: கிழக்கே, சுண்ணாம்பு இல்லாமல் பூசும் பூச்சுகள் அனைத்தும். மேற்கே, பூச்சு இல்லாத வெறும் சுண்ணாம்பு. வடக்கே, ரேடியோப் பெட்டியின் மரத்துக்குப் பூசும் வார்னிஷ். தெற்கே, கடல். இதற்குள் அடங்கியதும், பொரிக்காத அப்பளம் நொறுங்கும் வரை உலர்த்திப் பின் பூசுவதுமான முறை.

"தெற்கே கடல் எதுக்கு சார்?" என்றேன்.

"தெக்கே ஒண்ணும் அகப்படலைவே. மூணு எல்லையோட பத்திரம் எழுதச் சொல்லுதீரா? கன்னியாகுமரிக்குத் தெக்கே கடல்தானே? பொய்யில்லைலா?"

நூற்றுப் பதினான்கு சொற்கள், இருபத்தொரு காற்புள்ளிகள். காற்புள்ளிகளில் இரண்டு அதிகம் என்று எனக்குத் தோன்றியது. அதை எண்ணித் தூக்கம் கெட்டது. டைப் செய்த தாள் சாரலில் நமுத்து, மெஷினில் சுருண்டு சுருண்டு வந்தது. ஒன்பது தாள் வீணாயிற்று. மெக்கானிக் ஒவ்வொரு நாளும் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எழுத்துகள் விழுவதைக் கல்யாண மேளம் கேட்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்கத்தா பேட்டண்ட் ஆபீசிலிருந்து பதில் வந்தது. இரண்டு ஆட்சேபங்கள். முதலாவது, கோரிய உரிமை தெளிவாக இல்லை. தெற்கே கடல் என்பதற்கும் இந்த முறைக்கும் தொடர்பு விளங்கவில்லை. அப்பளம் என்பது இன்னதென்று சொல்லப்படவில்லை. இரண்டாவது, ஈரத்தைப் போக்கிவிட்டுப் பூசுவது இந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் தானாகவே தோன்றக்கூடியது. ஆகவே இதில் கண்டுபிடிப்பு என்று ஒன்றுமில்லை.

"கடல் விளங்கலையாம்" என்றார் வக்கீல். "கல்கத்தாவுல கடல் கிடையாதாவே?"

"ஆறுதான் சார். கடல் கொஞ்சம் தள்ளி."

"அப்ப சரி. பாக்காதவன் கேக்கான்."

அப்பளத்தை விளக்கி நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். உளுந்து மாவு, பிரண்டைச் சாறு, சோடா உப்பு, உள்ளங்கை அளவு, கனம் அஞ்சல் அட்டை போல. வக்கீல் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கண்ணால் கண்டால்தான் எவனுக்கும் புரியும், நிலத்தையே கோர்ட் கமிஷனர் வந்து பார்க்கிறாரே, மாதிரி அனுப்பிவிடுவோம் என்றார். கல்லிடைக்குறிச்சி அப்பளம் பன்னிரண்டு வாங்கி வந்தோம். கட்டுகிற வேலையை யாரிடமும் விடாமல் மெக்கானிக்கே செய்தார். டின்னுக்குள் அடுக்கி, சணல் போட்டு, அரக்கு வைத்து, பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல் தபாலாபீசில் இட்டுவந்தார். என் கவலையெல்லாம் உடையாமல் போகவேண்டுமே என்பதில் இருந்தது. பன்னிரண்டில் நான்கு உடைந்தாலும் எட்டு மிஞ்சும் என்று கணக்குப் போட்டேன்.

ஒன்றும் உடையவில்லை. பதில் அதைத்தான் சொன்னது. அனுப்பப்பட்ட பொருளைப் பரிசோதித்ததாகவும், அது ஈரத்துணியைப்போல் மடிந்ததாகவும், நொறுங்குவதற்கான அறிகுறி எதுவும் அதில் தென்படவில்லை என்றும், ஆகவே அதை அளவுகோலாக ஏற்க முடியாதென்றும், விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதாகவும் எழுதியிருந்தது.

மெக்கானிக் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "சுண்ணாம்பு வைக்கலையே! டின்னுக்குள்ள ஒரு துண்டு சுண்ணாம்பு வைக்கத் தோணலையே எனக்கு!"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். தோள்கள் குலுங்கின. ஏதோ நெஞ்சுவலி என்று பதறி நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அழாதீரும்வே! கண்டுபிடிச்ச ஒமக்கே தோணலை. அதைப் பக்கம் பக்கமா எழுதின இவருக்கும் தோணலை. எனக்கும் தோணலை. மூணு பேருக்குத் தெரிஞ்சும் தோணாததை, தெரியாத எவனுக்கும் தானாத் தோணும்னு சொல்லுதானே, இதைவிட சாட்சி என்ன வேணும்? மேல போறோம்."

கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. அங்கே ஒரு வக்கீலைக் கடிதம் மூலம் அமர்த்தினோம். பண்புள்ள மனிதர். எங்கள் வாதத்தைப் படித்துவிட்டு, துவண்ட அப்பள வாதம் சுவையானது, ஆனால் வக்கீல்களின் அறியாமை சட்டப்படி சாட்சியாகாது என்று எழுதினார். ரேடியோத் தொழில் தெரிந்த ஒருவர், இது எனக்குத் தோன்றியதில்லை என்று சத்தியம் செய்த வாக்குமூலம் வேண்டும். கடலையும் மற்ற மூன்று எல்லைகளையும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். அப்பளத்தையும் விட்டு, எடை மேலும் குறையாத வரை உலர்த்துவது என்று திருத்தினால் தெளிவு பற்றிய ஆட்சேபம் நிற்காது.

கிழக்கு, மேற்கு, வடக்கை வக்கீல் அன்றைக்கே விட்டுக்கொடுத்தார். கடலுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அப்பளத்தை விட மெக்கானிக்குக்குத்தான் மனமில்லை. "நிறுக்குத தராசு வச்சிருக்கவன் எவன் சார் குற்றாலத்துல?" என்று புலம்பினார். நிபந்தனை முத்திரைதானே, அப்பளம் இல்லையே என்று நான் ஞாபகப்படுத்திய பிறகு கையெழுத்துப் போட்டார்.

வாக்குமூலம் எளிது என்று நினைத்தோம். தோன்றாதவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்களே. முறை முக்கியம் என்றார் வக்கீல்: முதலில் வழியைச் சொல்லாமல் கேட்கவேண்டும், பதிலை எழுதிக்கொள்ளவேண்டும், பிறகே சொல்லவேண்டும். குடையை எடுத்துக்கொண்டு நான் தென்காசி, செங்கோட்டை, புளியறை என்று மூன்று ஊர் மெக்கானிக்குகளைப் போய்ப் பார்த்தேன். சாரலில் டிரான்சிஸ்டர் சாகாமல் இருக்க என்ன வழி?

பிளாஸ்டிக் தாளில் சுற்றணும் என்றார் தென்காசிக்காரர். அரிசிப் பானைக்குள் வைக்கணும் என்றார் செங்கோட்டைக்காரர். புளியறைக்காரர் செக்போஸ்டில் நின்ற லாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குற்றாலத்துக்குக் கொண்டு வரப்படாது" என்றார்.

மூன்று பதில்களும் எங்களுக்கு அமிர்தமாக இருந்தன. பிறகு வழியைச் சொன்னேன்.

"அட, இது தெரியாதாக்கும்!" என்றார் முதலாமவர்.

"இப்பத்தானே பிளாஸ்டிக் தாள்னு சொன்னீங்க அண்ணாச்சி?"

"நீரு சொல்லுத மாதிரியும் செய்யலாம்னு மனசுல இருந்துச்சு. கேட்டது ஒரு வழிதானே, ஒண்ணு சொன்னேன்."

"இது எனக்குத் தோணலைன்னு ஒரு கையெழுத்து..."

"தோணலைன்னா? என்னவே பேசுதீரு? நாளைக்கு எவன் என்கிட்ட செட்டைக் கொண்டு வருவான்? தோணிச்சு. செய்யலை. அவ்வளவுதான்."

செங்கோட்டைக்காரரும் அதையே சொன்னார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "உமக்கு என்னைக்கு என்ன தோணிச்சு? அரிசிப் பானையில வச்சு அரிசி பூரா ஈயம் நாறுது" என்று குரல் கொடுத்தாள். அந்த அம்மாளிடம் கையெழுத்து வாங்கலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அவள் தொழில் தெரிந்தவள் அல்லவே. புளியறைக்காரர், தனக்கு அந்த யோசனை போன வருஷமே கனவில் வந்ததாகச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மொத்தம் பதினொரு பேரிடம் கேட்டோம். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, சொன்னவுடன் பதினொரு பேருக்கும் முன்பே தெரிந்திருந்தது. மெக்கானிக்கின் முகம் நாளுக்கு நாள் கறுத்தது. சப் இன்ஸ்பெக்டர் வீட்டிலிருந்து சுபேதாருக்கு இரண்டாவது தடவையாக ஆள் வந்துபோயிற்று என்ற செய்தியும் வந்தது.

தாக்கல் செய்யவேண்டிய கெடு நெருங்கிய சமயம், டீச்சரே எங்கள் ஆபீசுக்கு வந்தாள். குடையை மடக்கி, எங்கே வைத்தால் தண்ணீர் சொட்டாது என்று பார்த்து, என் கட்டுகளுக்கு எட்டாத மூலையில் வைத்தாள். அதிலேயே எனக்கு அவள்மேல் மதிப்பு வந்துவிட்டது.

"தொழில் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் போதுமா சார்?"

"ஒருத்தரே அகப்படலைம்மா."

"எங்க அப்பா இருக்காங்களே. இருபத்திரண்டு வருஷம் ரேடியோதானே பாத்தாங்க? இவங்க முறை என்னன்னு இதுவரை கேட்டதும் இல்லை. முத்திரை வரட்டும்னுதான் இருக்காங்க."

வக்கீல் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கோர்ட்டில் ஜட்ஜ் வந்தால் தவிர அவர் யாருக்கும் எழுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் வக்கீலும் இலத்தூர் போனோம். மெக்கானிக்கைக் கூட்டிப்போகவில்லை. சுபேதார் முற்றத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்று எட்டு வருஷம் ஆகியும் இரண்டு ஜோடி, நான்கு பூட்ஸும் கண்ணாடிபோல் இருந்தன. மகள் காபி வைத்துவிட்டுத் தூணருகே நின்றாள். நான் கேள்வியைக் கேட்டேன்: மழைக்காலத்தில் ரேடியோவுக்குள் ஈரம் போகாமல் என்ன செய்வீர்கள்?

"செட்டைக் கம்பளியில சுத்தணும். மேல தார்ப்பாய். அதுக்கும் மேல கெட்டுப்போனா ஸ்டோருக்கு எழுதி வேற செட் வாங்கணும்" என்று ஒப்பிப்பதுபோல் சொன்னார். எழுதிக்கொண்டேன். பிறகு வக்கீல் முறையை விளக்கினார். சுபேதார் பிரஷைக் கீழே வைத்தார்.

"அட, இவ்வளவுதானா? இதைச் சின்னப்பிள்ளை சொல்லுமே!"

பன்னிரண்டாவது ஆள். வக்கீல் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னீங்களா அப்பா?" என்றாள் மகள்.

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"அவ்வளவு செட்டு மழையில கெட்டுப்போச்சுன்னு கதை கதையாச் சொல்லுவீங்களே. அப்ப சுண்ணாம்பு வைக்கலாம்னு சொன்னீங்களா?"

"சொல்லலை."

"தோணிச்சா?"

சுபேதார் பிரஷை மறுபடி எடுத்து, ஏற்கெனவே மின்னிய பூட்ஸைத் தேய்த்தார். வக்கீல் மெல்ல ஆரம்பித்தார்: இது எல்லாருக்கும் தானாகத் தோன்றுகிற சமாச்சாரம் என்று நீங்கள் சொன்னால் முத்திரை கிடையாது; முத்திரை இல்லையென்றால் நீங்கள் போட்ட நிபந்தனை...

"மெரட்டுதீரா?" என்று சுபேதார் எழுந்தார். "பொண்ணுக்காக நான் பொய்ச் சத்தியம் பண்ணுவேன்னு நினைச்சீரா? பட்டாளத்துக்காரன்வே நான்!"

"பொய் வேண்டாம் அப்பா. தோணிச்சுன்னா தோணிச்சுன்னு எழுதுங்க. நான் சப் இன்ஸ்பெக்டருக்கும் கழுத்தை நீட்டமாட்டேன், இங்கனயே இருந்துருவேன். அது வேற. தோணிச்சா, தோணலையா?"

"தோணலை!" என்று சுபேதார் கத்தினார். பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது. "தோணாது! ஆர்டர்ல இல்லாததை யோசிக்கது என் வேலை இல்லை. புஸ்தகத்துல உள்ளது அம்புட்டும் எனக்குத் தெரியும். எந்த செட்டையும் கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டி மாட்டுவேன். ஆனா இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானா எதையும் யோசிச்சது கிடையாது. அதனாலதான்வே உசுரோட வந்து சேர்ந்தேன்!"

வக்கீல் இரண்டாவது முறையாகச் சிரித்தது அப்போதுதான். சுபேதார் பூட்ஸால் அடித்துவிடுவாரோ என்று நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

"கோவிக்காதீங்க சுபேதார். சட்டம் ஒரு ஆளைத் தேடுது. தொழில்ல எல்லாம் தெரிஞ்சிருக்கணும், சொந்தமா ஒண்ணும் தோணப்படாது. அப்படி ஒருத்தன் உலகத்துலயே கிடையாது, சட்டத்துக்காக சும்மா நினைச்சுக்கிட வேண்டியதுதான்னு கல்கத்தாக்காரர் எழுதியிருந்தார். நான் அந்த ஆளை நேர்ல பாத்துட்டேன்."

வாக்குமூலம் எழுதப் பிற்பகல் முழுவதும் ஆயிற்று. தோன்றவில்லை என்ற சொல்லுக்குமுன் "உத்தரவு இல்லாத காரணத்தால்" என்று சேர்க்கவேண்டும் என்றார் சுபேதார். சேர்த்தேன். "தோன்றியிருந்தால் நிறைவேற்றியிருப்பேன்" என்றும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். ஏழு திருத்தங்களுக்குப் பிறகு கையெழுத்துப் போட்டார். மறுநாள் கோர்ட்டில் சத்தியம் செய்துவைத்த அதிகாரி அதை வழக்கம்போல் உரக்கப் படித்தார். தாழ்வாரத்தில் நின்ற இருபது முப்பது பேரும் கேட்டார்கள். சுபேதார் அணிவகுப்பில் நிற்பதுபோல் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முத்திரை வராட்டா ஒம்ம ஜூனியரைச் சும்மா விடமாட்டேன்" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்னை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாமனார் கொடுத்த வாக்குமூலம் என்று பேட்டண்ட் ஆபீஸ் தரப்பு சொல்லிவிடக் கூடாதென்று, தீர்ப்பு வரும் வரை மெக்கானிக் இலத்தூர்ப் பக்கம் போகவோ பள்ளிக்கூட ரேடியோவைத் தொடவோ கூடாது என்று வக்கீல் தடை போட்டார். பள்ளிக்கூட ரேடியோவும் அந்தக் காலம் முழுவதும் ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. மெக்கானிக் மெலிந்துபோனார். ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசனும் வந்துவிட்டது.

தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். திருத்திய கோரிக்கை தெளிவாகவே இருக்கிறது, முறை தானாகத் தோன்றக்கூடியதல்ல, காப்புரிமை வழங்கலாம். நாங்கள் மூவரும் எழுந்து நின்று படித்தோம். பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் வக்கீலின் விரல் நின்றது.

அங்கே நீதிபதி சுபேதாரைப் பற்றி எழுதியிருந்தார். இந்தச் சாட்சி தம் தொழிலைக் கசடறக் கற்றவர். அதே சமயம் புதிதாக எதையும் எண்ணிப்பார்க்கும் இயல்பு சிறிதளவும் இல்லாதவர். சட்டம் கருதுகிற சாதாரணத் தொழிலாளிக்கு இவரைக் காட்டிலும் பூரணமான உதாரணத்தைக் காண்பது அரிது என்பது அதன் பொருள்.

"மூளை கிடையாதுன்னு ஐகோர்ட்டே எழுதிட்டுதே" என்றார் மெக்கானிக். "இதைப் படிச்சா பொண்ணு தருவாரா சார்?"

ஒன்பதாம் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். எட்டுக்குப் பிறகு பத்து வந்தால் எண்ணத் தெரிந்த எவனும் கண்டுபிடிப்பான் என்றேன். சுபேதாரோ, முழு ஆர்டரையும் படிக்காமல் பேச்சே கிடையாது என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், அதுதான் கஷ்டம்.

அன்று மாலையே நானும் மெக்கானிக்கும் இலத்தூர் போனோம். மெக்கானிக் ஒரு வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டி மழையில் நின்றுகொண்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க சார்" என்றார். இழுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே டீச்சர் காகிதத்தை வாங்கினாள். நின்றபடியே புரட்டினாள். ஒன்பதாம் பக்கம் வந்தது அவள் முகத்தில் தெரிந்தது. நான் மெதுவாக, அந்த ஒரு தாள் மழையில் நனைந்து மை கலைந்துவிட்டதாகச் சொல்லலாம் என்றேன்.

"வேண்டாம் சார். அவங்க உண்மையைச் சொல்லிக் கூட்டத்துக்கு நடுவுல நின்னாங்க. முழுசாவே குடுப்போம்" என்று உள்ளே கொண்டுபோய்த் தகப்பனாரிடம் நீட்டினாள்.

சுபேதார் கண்ணாடியை மாட்டி, முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தார். விரல் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்து நின்றது. கீழே போயிற்று, மறுபடி மேலே வந்தது. மூன்று தடவை அப்படிப் போய் வந்தது. மெக்கானிக் என் முழங்கையைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் மரத்துவிட்டது.

"இது ஜட்ஜே எழுதினதா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா."

"அவருக்குக் கீழ உள்ள குமாஸ்தா எழுதிக் குடுத்து, கையெழுத்து மட்டும் போடுவாங்களே, அப்படி இல்லையே?"

"இல்லை. அவரே சொல்லி எழுதினது."

சுபேதார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை ஆபீசருக்குக் கீழ வேலை பாத்தேன். ஒருத்தன் இப்படி எழுதிக் குடுத்தானா? தொழிலைக் கசடறக் கற்றவர். கூடுதலா ஒண்ணும் யோசிக்காதவர். பூரணம்!" அந்தச் சொல்லை இங்கிலீஷில் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "பட்டாளத்துல இதுக்கு மேல ஒரு சர்ட்டிபிகேட் கிடையாதுவே."

அவர் மகளைப் பார்த்தார். அப்புறம், முற்றத்தில் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார்.

"யோசிக்குத வேலையை இவன் பாக்கட்டும். மத்ததை நான் பாக்கேன். ஏலே, நாளைக்கு ஒன் வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு வா. ஒம்போது மணி. ஒரு நிமிஷம் பிந்துனாலும் ஆர்டர் கேன்சல்."

மறுநாள் மெக்கானிக் எட்டு மணிக்கே தம் பெரியவர்கள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்பது அடிக்கும் வரை ஆறு பேரும் சாரலில் தெருவில் நின்றார்களாம். சுபேதார் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒன்பதுக்குக் கதவைத் திறந்தார்.